நான்கெல்லை

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என் மேஜை.
எதிரே சார்பதிவாளர் அலுவலகம்.
பத்தொன்பது வருடமாக
நிலத்துக்கு நான்கு திசை எழுதித் தருகிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

இன்றைக்கு அனகாபுத்தூர் மனை ஒன்று.
விற்பவர் கமலக்கண்ணன்,
வாங்குபவர் செலின் மேரி, துறைமுகத்தில் கணக்கர்.
அரிசிப் பையிலிருந்து தாய்ப்பத்திரங்களை எடுத்து
பழையது அடியில் வருமாறு அடுக்குகிறேன்.

அடியில், வெகுதானிய வருடம்.
கட்டைப் பேனா, காப்பி நிறக் காகிதம்.
*ஆற்றுக்குத் தெற்கு,
முனிரத்தின நாயகர் நஞ்சைக்கு மேற்கு,
இதன் மத்தியில் உள்ள நிலம்.*
முதலில் ஆற்றைச் சொல்லிவிட்டு
அதை வைத்துத்தான் நிலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

எழுபத்தி ஒன்று.
*வடக்கே: மணல் எடுத்த பள்ளம்.*
லாரி லாரியாக அள்ளினார்கள் என்றார் கமலக்கண்ணன்,
அவர் அப்பாவும் ஒரு லாரி வைத்திருந்தாராம்.
கட்டிய வீடுகள் பம்மலில் இன்னும் நிற்கின்றன.
அள்ள அள்ள ஆறு கீழே இறங்கி
எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கிப் போனது.

எண்பத்தி ஆறு.
*வடக்கே: ஆற்றுப் புறம்போக்கு.*
ஆறு இப்போது ஓர் அடைமொழி.

அதற்கு மேலே உள்ளதை நான் புரட்ட வேண்டியதில்லை.
இரண்டாயிரத்தி ஐந்து, என் தட்டச்சு.
'மேற்படி'யில் ஒரு ப்பன்னா கூடுதலாக விழுந்திருக்கிறது.
*வடக்கே: 23 அடி சாலை.*

சாலை அன்றைக்கு வந்திருக்கவில்லை.
இடித்த வீடுகளின் செங்கலைக் கொட்டி மேடாக்கி
சுண்ணாம்புத் தூளில் இரண்டு கோடு கிழித்திருந்தார்கள்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் நாணல், கொஞ்சம் தண்ணீர்.
சர்வேயர் எத்திராஜுலுவிடம் கேட்டேன்,
சார், அங்க ஆறு இருக்கே?
சாலைக்கு அப்பறம்தானேம்மா ஆறு,
நமக்கு எல்லை சாலையோட சரி.
சரியாகத்தான் சொன்னார்.
சரியாகத்தான் அடித்தேன்.

வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டாயிற்று.
அடமானம் இல்லை, வழக்கு இல்லை, ஜப்தி இல்லை.
வில்லங்கம் ஏதுமில்லை என்கிறது.
பதினைந்தாம் வருட டிசம்பரில்
அந்த மனையில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்றது.
பதிவு செய்யாமல் வந்ததால்
அது சான்றில் ஏறாது.
இந்த மேஜைக்கும் வந்தது.
ஒட்டிக்கொண்ட முத்திரைத்தாள்களைப் பிரித்து
கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.
பத்து நாள் என் விரல்களில்
யாரோ ஒரு பதிவாளரின் ஊதா முத்திரை.

பிறகு பொக்லைன்கள் வந்தன.
வளைவை நிமிர்த்தின, வண்டலை அள்ளின.
இரண்டு பக்கமும் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார்கள்.
ஆற்றுக்கு இவ்வளவுதான் அகலம் என்று
இப்போது யாரும் டேப் இல்லாமலே சொல்லலாம்.

*வடக்கே: சாலை, அதற்கப்பால் தடுப்புச் சுவர்.*

மழைக்குத் தண்ணி வருமாங்க? என்கிறார் செலின் மேரி,
என்னைப் பார்த்து.
சுவர் கட்டிட்டாங்களே, என்கிறார் கமலக்கண்ணன்,
போனைப் பார்த்து.
பத்திரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஆதார் நகல் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரிண்ட் கொடுக்குமுன்
திரையில் விரல் வைத்து ஒருமுறை வாசிப்பேன்.
பதினான்கு பக்கம்.
நான்கு எல்லையிலும் ஆறு இல்லை.
கிரயத் தொகையில் இருந்தது,
எழுத்தால்: *ரூபாய் நாற்பத்தாறு லட்சம் மட்டும்.*
முன்னால் நாற்பது, பின்னால் லட்சம்.
நெருக்கியதில் ஆவன்னா போய்
ஒரு கால் மட்டும் மிச்சம்.

செலின் மேரி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.
நான் கர்சரை நடுவில் வைத்து
ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டி
எழுத்தைச் சரிசெய்தேன்.
நாற்பத்து ஆறு.

பிழையில்லை.
அப்படியும் எழுதலாம்.